அப்பாவின் கைக்கடிகாரமும் நான் கற்றுக்கொண்ட ரெசின் வேலையும்

அப்பா தினமும் காலையில் தன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குவார். அவர் போன பிறகு அதுவும் ஓடவில்லை. பழுது பார்ப்பவரிடம் காட்டியபோது, தேய்ந்துபோன பாகங்கள் இனிக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். பெட்டிக்குள் கிடப்பதற்குப் பதிலாக, அதன் சக்கரங்களைக் கண்ணாடி மாதிரி ஒரு கட்டிக்குள் பதித்து மேசைமேல் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடிபோல இறுகும் எபாக்சி ரெசின் பக்கம் நான் வந்தது இந்த ஆசையால்தான்.

நல்லவேளை, சக்கரங்களை முதலில் தொடவில்லை. ரெசினுக்குள் போன பொருளைத் திரும்ப எடுக்க முடியாது. கை பழகட்டும் என்று சாவிக்கொத்து, புத்தக அடையாள அட்டை, சின்னத் தட்டு என்று செய்து பார்த்தேன். அந்தப் பழக்கமே ஒன்றரை வருடம் நீண்டுவிட்டது. அதில் கெட்டுப்போன பொருட்களிடம்தான் நான் அதிகம் கற்றேன்.

முதலில் செய்தது ஒரு சாவிக்கொத்து. ரெசின் ஒரு புட்டியில், அதை இறுக வைக்கும் ஹார்டனர் இன்னொரு புட்டியில். லேபிளில் 2:1 என்று பெரிதாகப் போட்டிருந்தது. சமையலறைத் தராசில் ரெசின் 20 கிராம், ஹார்டனர் 10 கிராம் எடுத்துக் கலக்கி அச்சில் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் மேலே பிசுபிசுவென்று இருந்தது. மூன்றாம் நாளும் அப்படியே. விரலை வைத்தால் ரேகை பதிந்தது.

ஹார்டனர் போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை வேண்டுமென்றே கொஞ்சம் கூட ஊற்றினேன். இந்த முறை வந்தது ரப்பர். வளைத்தால் வளைந்தது, விட்டால் மெதுவாக நிமிர்ந்தது. அதற்கு அப்புறம்தான் லேபிளின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தேன். 2:1 என்பது கன அளவுக்கு. எடைக்கு 100:45 என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. ஹார்டனர் ரெசினைவிட லேசானது என்பதால் இரண்டு கணக்கும் ஒன்றாக வராது. 20 கிராம் ரெசினுக்கு 9 கிராம்தான் வேண்டும். நான் போட்டது 10. அதோடு, என் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. அது 10 என்று காட்டும்போது உண்மையில் பத்தரை கிராமுக்குப் பக்கத்தில்கூட இருக்கலாம். இவ்வளவு சின்னக் கலவையில் அரை கிராம், ஒரு கிராம் என்பது பெரிய பிழை.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெயின்ட் உலர்வதுபோல எபாக்சி உலர்வதில்லை. இரண்டு திரவங்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பின்னிக்கொண்டு திடப்பொருளாகின்றன. எந்தப் பக்கம் மிஞ்சினாலும் அது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிடும். அதுதான் அந்தப் பிசுபிசுப்பு, அதுதான் அந்த ரப்பர். படகுக் கட்டுமானத்தில் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் வேறு சாதி. அதற்கு ஒன்றிரண்டு சதவீதம் வினையூக்கி சேர்த்தால் போதும், அதையும் ஓரளவு கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். அந்தப் பழக்கத்தில் எபாக்சியைத் தொட்டால் கெட்டுவிடும். எபாக்சி சீக்கிரம் இறுக வேண்டுமானால் வேகமான ஹார்டனர் உள்ள ரகத்தை வாங்க வேண்டும், அல்லது அறையைக் கொஞ்சம் சூடாக வைக்க வேண்டும். அளவில் கை வைக்கவே கூடாது.

இரண்டு குழாயாக வரும் அரால்டைட் பசை பலர் வீட்டில் இருக்கும். அதுவும் எபாக்சிதான். இரண்டு பட்டாணி அளவு பிதுக்கிக் கலக்கி ஒட்டும்போது நாம் செய்வதும் இதே வேலைதான், அச்சில் ஊற்றும்போது அளவு மட்டும் பெரிது.

0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்றை அதற்குப் பிறகு வாங்கினேன். இந்தக் கலைக்காக நான் வாங்கியவற்றில் மிகவும் உபயோகமானது அதுதான். ஒரு அச்சுக்கு எவ்வளவு ரெசின் வேண்டும் என்று கண்டுபிடிக்கவும் அதையே பயன்படுத்துகிறேன். அச்சைத் தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பி எடை பார்ப்பேன். 100 கிராம் தண்ணீர் பிடித்தால் கலந்த ரெசின் சுமார் 110 கிராம் வேண்டும். பிறகு அச்சில் துளி ஈரமில்லாமல் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் அந்த இடம் மங்கலாகிவிடும்.

அளவு சரியான பிறகும் சில துண்டுகளில் அங்கங்கே மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. காரணம் கலக்கும் விதம். கோப்பையின் சுவரிலும் அடி மூலையிலும் ஒட்டியிருக்கும் ரெசின் குச்சிக்கு அகப்படாது. கடைசியில் கோப்பையைக் கவிழ்த்து வழித்து ஊற்றும்போது அந்தக் கலக்காத பகுதிதான் பொருளின் மேல்முகத்தில் போய் உட்காரும். இப்போது குறைந்தது நான்கு நிமிடம் கடிகாரம் பார்த்துக் கலக்குகிறேன். முனை தட்டையான குச்சியால் சுவர், அடி, பிறகு குச்சியின் இரு பக்கம் என்று மாறி மாறி வழிக்கிறேன். ஆரம்பத்தில் கலவைக்குள் இழை இழையாக நெளிவு தெரியும், சர்க்கரைப் பாகு தண்ணீரில் கரைவதுபோல. அது முழுவதும் மறைந்த பிறகு கலவையை இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம் கலக்குகிறேன். முதல் கோப்பையை வழிப்பதில்லை. அதில் இரண்டு மூன்று கிராம் வீணாகும், பரவாயில்லை. இப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு ஒட்டும் புள்ளி ஒருமுறைகூட வரவில்லை.

பயந்துபோன ஒரு நாளும் உண்டு. மரத்தட்டு ஒன்றுக்கு மேல்பூச்சு கொடுக்க 250 கிராம் ஒரே கோப்பையில் கலந்தேன். வெயில் காலம். கலந்து முடித்த நேரத்தில் வாசலில் யாரோ கூப்பிட, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது பிளாஸ்டிக் கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மேலே புகை, மூக்கைத் துளைக்கும் நெடி. கலவை பழுப்பாகிக் கொதித்துக்கொண்டிருந்தது. கோப்பை இருந்த பலகையோடு சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்க் கல் தரையில் வைத்தேன். ஆறியபோது நடுவில் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

எபாக்சி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். பரப்பி ஊற்றினால் அது காற்றில் கலந்துவிடும். குறுகலான கோப்பையில் குவிந்திருந்தால் போக வழியில்லை. அந்த வெப்பம் வினையை இன்னும் வேகப்படுத்தும், அதனால் இன்னும் சூடேறும். 10 டிகிரி கூடினால் வினை வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. கோப்பையில் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். லேபிளில் 30 நிமிடம் வேலை நேரம் (கலந்த பிறகு ஊற்ற முடிகிற நேரம்) என்று போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் கலவைக்கு. அதைவிட அதிகம் கலந்தால் நேரம் குறையும். அதனால் பெரிய வேலைக்கும் சின்னச் சின்னதாகக் கலக்குவது நல்லது. கலந்ததும் ஊற்றிவிட வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால் அகலமான தட்டில் கொட்டிப் பரப்பி வைக்க வேண்டும். மிஞ்சிய கலவையை உடனே குப்பைக் கூடையில் போடக் கூடாது, இறுகி ஆறிய பிறகுதான் போட வேண்டும். கழுவு தொட்டியில் ஊற்றுவது அதைவிடத் தவறு, குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.

மேல்பூச்சு ரெசினும் வார்ப்பு ரெசினும் ஒன்றல்ல என்பதும் அப்போதுதான் உறைத்தது. மேல்பூச்சு ரகம் கெட்டியானது, சீக்கிரம் இறுகும். ஒரு தடவைக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான் அதற்கு அழகு. தடிமனாக வார்ப்பதற்கான ரகம் நீர்த்தது, மெதுவாக இறுகும், ஒரு நாள் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். சில சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சூடேறாமல் நிற்கும், குமிழிகளும் தானாக மேலே வந்துவிடும். சரியான ஆழம் எவ்வளவு என்பது ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும், அதை லேபிளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குமிழியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நெருப்புக் காட்டினால் போய்விடும் என்பதுதான் பொதுவான பதில். அது ஓரளவுக்குத்தான் சரி. குளிரான நாளில் ரெசின் தேன்போலக் கெட்டியாக இருக்கும். கலக்கும்போது புகுந்த காற்று அதில் பொடிப்பொடியாகச் சிக்கிக்கொள்ளும். ரெசின் புட்டியை மூடியோடு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலந்தால் பெரும்பகுதிக் குமிழிகள் வரவே வராது. வேலை நேரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குளிரில் புட்டிக்குள் வெள்ளையாக உறைந்து போயிருந்தாலும் இதே வைத்தியம்தான், தெளிந்துவிடும். புட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

மரத்தில் வரும் குமிழி வேறு. மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்று சூடேறும்போது விரிந்து வெளியே வரும். மெல்லிய ஒரு பூச்சை முதலில் தேய்த்து அந்தத் துளைகளை அடைத்துவிட வேண்டும். அறை சூடேறிக்கொண்டிருக்கும் காலையைவிடக் குளிர ஆரம்பிக்கும் மாலையில் ஊற்றினால் மரம் காற்றை வெளியே தள்ளாது. இவ்வளவும் செய்த பிறகு மேலே மிஞ்சும் சில குமிழிகளுக்குத்தான் நெருப்பு. அதையும் ஒரே இடத்தில் காட்டாமல் சரசரவென்று நகர்த்த வேண்டும். சிலிகான் அச்சின்மேல் நெருப்பைக் காட்டவே கூடாது, அச்சு பொசுங்கி அடுத்த வார்ப்பு அதில் ஒட்டிக்கொள்ளும்.

பூக்களில் நான் தோற்றது ஈரத்தால். தொட்டால் காய்ந்ததுபோல இருந்த இதழ்கள் உள்ளே போய் இரண்டே வாரத்தில் பழுப்பாகின. ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளில் புதைத்து ஒரு வாரம் வைத்து, காம்பு மொடமொடவென்று ஒடிகிற பதம் வந்தால்தான் சரி. அப்படியும் வெள்ளை இதழ்கள் ரெசினில் நனைந்ததும் கண்ணாடிபோல ஆகிவிடும், அடர் சிவப்பு இன்னும் கருக்கும். காகிதப் படம் பதிப்பதானால் இரு பக்கமும் ஓரங்களும் விடாமல் வெள்ளைப் பசை பூசிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய்க் கறை மாதிரி திட்டுத்திட்டாக ரெசின் ஊறிவிடும். நிறப்பொடி கலவையின் எடையில் ஐந்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் சார்ந்த பெயின்ட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

ஆரம்பத்தில் கையுறை இல்லாமல்தான் வேலை செய்தேன். மணிக்கட்டில் பட்டால் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனால் துடைத்துக்கொள்வேன், பளிச்சென்று போய்விடும். நான்காவது மாதம் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோலச் சிவந்து, அரித்து, சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் வந்தன. தோல் மருத்துவர் ஒட்டுப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, இது அசிட்டோனாலும் ஹார்டனராலும் வந்த எரிச்சல், இன்னும் ஒவ்வாமையாக மாறவில்லை என்றார். மாறியிருந்தால் என்ன என்று கேட்டேன். மாறினால் அது வாழ்நாள் முழுக்க இருக்கும், அப்புறம் துளி பட்டாலும் உடம்பு காட்டிக்கொடுக்கும், எபாக்சியை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். இறுகாத எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் யாருக்கும் இது வரலாம். பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்தவருக்கும் பதினோராவது வருடம் வரலாம்.

இரண்டு மாதம் ரெசினைத் தொடவில்லை. திரும்ப ஆரம்பித்தபோது நைட்ரைல் கையுறை, முழங்கைவரை நீளும் மேலுறை, கண்ணாடி எல்லாம் இல்லாமல் புட்டியின் மூடியைத் திறப்பதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். ரப்பர் பால் கையுறை எபாக்சியை நைட்ரைல் அளவுக்குத் தடுக்காது. கையுறையில் ரெசின் பட்டால் உடனே மாற்றிவிடுவேன், அதே கையால் கதவுப்பிடியையோ கைப்பேசியையோ தொட மாட்டேன். தோலில் பட்டால் காகிதத்தால் ஒற்றி எடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். அசிட்டோன், தின்னர் எதுவும் தோலுக்கு வேண்டாம். அவை தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே போக விடும். அசிட்டோனைக் கருவி துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வாசனை இல்லை என்று எழுதியிருந்தால் மூச்சுக்குப் பாதிப்பில்லை என்று அர்த்தமில்லை. ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன், பெரிய அளவில் ஊற்றும்போது கரிம ஆவியை வடிகட்டும் குப்பி பொருத்திய முகமூடி போடுகிறேன். வெறும் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது தூசு வடிகட்டும் முகமூடி தனியாக வேண்டும்.

தேய்ப்பதற்கு அவசரப்படக் கூடாது. 24 மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுக்கலாம், ஆனால் முழுமையாக இறுக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அரைகுறையாக இறுகியதன் தூசு தோலுக்கும் நுரையீரலுக்கும் இன்னும் கெடுதல். ஈரப்பதமான நாட்களில் மேலே மெழுகுபோல ஒரு படலம் வரும். அதைத் தேய்ப்பதற்கு முன்பே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சு பிடிக்காது. பிறகு தண்ணீர் தொட்டு, உப்புத்தாளின் எண்ணில் 220, 400, 800, 1500, 2000 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு ஏறிக்கொண்டே போவேன். ஓர் எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கோடுகள் கடைசிப் பளபளப்பில் வந்து நிற்கும். நடுவில் பால்போல மங்கிவிடும், பயப்பட வேண்டாம். மெருகுப் பசையில் தெளிந்துவிடும்.

சூடான கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டுகள் செய்து இரண்டு பேருக்குக் கொடுத்தேன், இரண்டிலும் கோப்பையின் வட்டம் பதிந்துவிட்டது. கைவினை ரெசின்களில் பல 50 டிகிரிக்கு அருகிலேயே இளக ஆரம்பிக்கும். உணவு நேராகப் படும் பொருட்களை நான் செய்வதில்லை. வெயில் நேராக விழும் ஜன்னலுக்கும் செய்வதில்லை. புற ஊதாக் கதிரால் எபாக்சி மஞ்சளாகும். அதைத் தடுக்கும் சேர்மானம் உள்ள ரகங்களிலும் மஞ்சளாவது தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

கடிகாரத்துக்கு வருகிறேன். ஏழு சென்டிமீட்டர் வட்ட அச்சு, மூன்று சென்டிமீட்டர் ஆழம். முதலில் பழைய திருகாணிகளையும் சட்டைப் பொத்தான்களையும் வைத்து இரண்டு முறை ஒத்திகை பார்த்தேன். அச்சின் அடிப்பக்கம்தான் பொருளின் மேல்முகம் ஆகும், அதனால் எல்லாவற்றையும் தலைகீழாக அடுக்க வேண்டும் என்பது ஒத்திகையில்தான் கைக்குப் புரிந்தது. சக்கரங்களில் இருந்த எண்ணெயை ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்தேன். மேசையை ரசமட்டம் வைத்துச் சரிசெய்தேன். வார்ப்பு ரெசினை மூன்று அடுக்காக ஊற்றினேன். முதல் அடுக்கு கையுறை விரலில் ஒட்டாமல் தடம் மட்டும் வாங்கும் பதத்துக்கு வந்தபோது சக்கரங்களைக் குறட்டால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்தேன். அந்தப் பதத்தில் அடுத்த அடுக்கை ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும், நடுவில் கோடு தெரியாது. அதைத் தவறவிட்டு முழுக்க இறுகிவிட்டால் தேய்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தூசி விழாமல் மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து, நான்கு நாள் கழித்துத்தான் அச்சை உரித்தேன்.

அம்மா அதை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் சாவி கொடுக்கும் திருகு பதிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் வைத்து மெல்லத் திருகிப் பார்த்தார். பெரிய சக்கரத்தின் அடியில் கடுகளவு ஒரு குமிழி நிற்கிறது. ஆரங்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியே வர முடியாமல் நின்றுவிட்டது. வைப்பதற்கு முன் சக்கரத்தைக் கலந்த ரெசினில் ஒருமுறை முக்கித் தூரிகையால் இடுக்குகளை நனைத்திருந்தால் வந்திருக்காது. தம்பிக்கென்று நான்கு சக்கரங்களும் நொடி முள்ளும் இன்னும் டப்பாவில் இருக்கின்றன, அவற்றை அப்படித்தான் வைக்கப்போகிறேன்.